கிரவுண்டுக்கு இரண்டு பாம்பு

முதலில் ஒரு திருத்தம். சில வருடங்களுக்கு முன் இதே வலைப்பூவில் மனிதர்கள் போக முடியாத இடங்கள் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தேன். அதில் பிரேசிலின் பாம்புத் தீவு பற்றி நாலு வரி வரும். அங்கே ஒரு சதுர மீட்டருக்கு ஒன்று முதல் ஐந்து பாம்புகள் இருப்பதாக எழுதியிருந்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன், நான் எழுதியதிலேயே அதிகம் பேர் பகிர்ந்தது அந்தப் பதிவுதான். மாசக்கணக்கில் உட்கார்ந்து எழுதிய ஏரி, மதகுக் கட்டுரைகளை ஐம்பது பேர் படித்தால் பெரிசு.

போன மாதம் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் அதைப் படித்துவிட்டு வந்தாள்.

"அப்பா, அந்தத் தீவு எவ்வளவு பெரிசு?"

"43 ஹெக்டேர்."

"அப்ப 4 லட்சத்து 30 ஆயிரம் சதுர மீட்டர். அஞ்சால பெருக்கினா இருபத்தொன்றரை லட்சம் பாம்பு. அதெல்லாம் என்னப்பா சாப்பிடும்?"

என்னிடம் பதில் இல்லை. ஆபீஸில் ஜூனியர் பசங்க உள்ளே வரும் எண்ணைச் சரிபார்க்காமல் அப்படியே எடுத்துக்கொண்டால் சத்தம் போடுகிறவன் நான். அதே தப்பை நானே செய்து, நாலாயிரம் பேருக்கு அனுப்பியும் வைத்திருக்கிறேன். அதற்கான பிராயச்சித்தம்தான் இந்தக் கட்டுரை. தேடத் தேட, தப்பான எண்ணை விடச் சரியான எண் சொல்லும் கதை பெரிசு என்று தெரிந்தது.

இடம்

தீவின் பெயர் கெய்மாடா கிராண்டி. சாவோ பாவ்லோ மாநிலத்தின் கடற்கரையிலிருந்து சுமார் 33 கிலோமீட்டர் தள்ளி அட்லாண்டிக்கில் இருக்கிறது. 43 ஹெக்டேர் என்றால் நம் கணக்கில் 106 ஏக்கர். சென்னைக்காரர்களுக்குச் சொல்வதென்றால், கிண்டி தேசியப் பூங்காவை ஆறாகப் பிரித்தால் ஒரு பங்கு. உயரமான இடம் கடல் மட்டத்திலிருந்து 206 மீட்டர். சுற்றிலும் பாறைச் சரிவு. மேலே சுமார் 25 ஹெக்டேர் மழைக்காடு, மீதி புல்லும் பாறையும். இந்த 25ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

உலகத்திலேயே இந்த ஒரு தீவில் மட்டும் வாழும் விரியன் ஒன்று உண்டு. அறிவியல் பெயர் போத்ராப்ஸ் இன்சுலாரிஸ். ஆங்கிலத்தில் வைத்த பெயரைத் தமிழாக்கினால் தங்க ஈட்டித்தலை. கேட்டாலே கொஞ்சம் நடுக்கம் வரும். பிரேசில்காரர்கள் ஜராராக்கா இல்யோவா என்கிறார்கள். அதற்கு 'தீவு ஜராராக்கா' என்றுதான் பொருள். ஜராராக்கா என்பது எதிர்க் கரையில், நிலத்தில் வாழும் குழிவிரியன். அங்கே வயல், தோட்டங்களில் மனிதர்களைக் கடிப்பதில் முக்கியமான பாம்பு அது, நம்மூர்க் கண்ணாடிவிரியன் மாதிரி. ஆக உள்ளூர்ப் பெயர் பாம்பின் பூர்வீகத்தைச் சொல்லிவிடுகிறது: கரையில் இருக்கிற ஜராராக்காவின் பங்காளி, தீவில் மாட்டிக்கொண்டது.

எப்படி மாட்டியது?

கடற்கொள்ளையர்கள் புதையலைக் காக்கப் பாம்புகளைக் கொண்டுவந்து விட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. என் பழைய பதிவில் அதையும் போட்டிருந்தேன். கொள்ளையர்கள் கொண்டுவந்து விட்டிருந்தால் கரையில் இருக்கிற அதே பாம்பு தீவிலும் இருந்திருக்கும். நிறம், உணவு, உடல்வாகு எல்லாம் மாறித் தனி இனமாக ஆவதற்கு நாலைந்து நூற்றாண்டு போதாது.

கடந்த பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகத்தின் தண்ணீரில் இன்றைக்கு இருப்பதை விட அதிகமான பங்கு பனியாக உறைந்து கிடந்தது. கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதை விட நூறு மீட்டருக்கும் மேல் கீழே. அப்போது கெய்மாடா கிராண்டி தீவே இல்லை, கடலோரச் சமவெளியில் நின்ற ஒரு குன்று. பனி உருகி நீர் ஏறியபோது, சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன், குன்றின் உச்சி மட்டும் தீவாக மிஞ்சியது. அங்கே இருந்த பாம்புகளும் மிஞ்சின. (அதே கடலேற்றம்தான் இந்தியாவையும் இலங்கையையும் இணைத்திருந்த தரையை மூழ்கடித்தது. கடல்கோள் என்றதும் பின்னூட்டத்தில் யாராவது குமரிக்கண்டத்தை இழுப்பீர்கள் என்று தெரியும். அதற்குத் தனிப் பதிவு இருக்கிறது, தயவுசெய்து அங்கே போய்ச் சண்டை போடவும்.)

மென்பொருள்காரன் பாஷையில் இது ஒரு ஃபோர்க். ஒரே கோட்பேஸ், ஒருநாள் இரண்டாகப் பிரிந்தது. அதற்கப்புறம் இங்கே நடந்த மாற்றம் அங்கே போகவில்லை.

என்ன சாப்பிடும்?

மகள் கேட்ட கேள்விக்கு வருவோம். கரையில் இருக்கிற ஜராராக்கா குட்டியில் தவளை, பூரான் மாதிரி குளிர் ரத்தப் பிராணிகளைத் தின்னும். வளர்ந்ததும் எலிக்கு மாறிவிடும். பெரும்பாலும் தரையில், ராத்திரி வேட்டை. எலியைக் கொத்திவிட்டு விட்டுவிடும். விஷம் ஏறி எலி எங்கேயாவது போய் விழும், பாம்பு நிதானமாக வாசனை பிடித்துப் போய் எடுத்துக்கொள்ளும்.

தீவில் இது நடக்காது. அங்கே எலியே கிடையாது. வளர்ந்த பாம்புக்குப் போதுமான இரை என்றால் பறவைதான். பறவை பகலில் வரும், மரத்தில் உட்காரும். ஆகவே தீவுப் பாம்பும் பகலில் வேட்டைக்கு வருகிறது, மரமும் ஏறுகிறது. கொத்தியதும் விடுவதில்லை, வாயில் கவ்வியபடியே இருக்கிறது. விட்டால் பறவை பறந்து கடலுக்கு மேலே போய் விழும், அப்புறம் யாருக்கும் பயனில்லை. கவ்விய பறவை சீக்கிரம் அடங்கவும் வேண்டும். இதன் விஷம் பறவைகளை வேகமாக வீழ்த்தும் என்று சொல்லப்படுவதன் பின்னால் இருக்கும் தேவை இதுதான்.

தீவில் 41 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன. சரி, சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை என்று நினைப்போம். ஆனால் அங்கேயே குடியிருக்கும் ரென் குருவி மாதிரியானவை பாம்போடு பழகிப் பழகி உஷாராகிவிட்டன, லேசில் சிக்குவதில்லை. ஆய்வாளர்கள் பாம்புகளின் இரையைப் பார்த்தபோது, அவை நம்பியிருப்பது முக்கியமாக இரண்டே வகையை என்று தெரிந்தது. ஒன்று, தென் அமெரிக்காவின் தெற்கிலிருந்து வலசை வரும் ஈபிடிப்பான் வகைக் குருவி. இன்னொன்று மஞ்சள் கால் கொண்ட பூங்குருவி. இரண்டும் தீவுக்கு வெவ்வேறு பருவங்களில் கூட்டமாக வந்து போகிறவை. தீவின் ஆபத்து தெரியாத வெளியூர்க்காரர்கள்.

அதாவது இந்தப் பாம்பின் வருஷச் சாப்பாடு, இரண்டு பருவத்து விருந்தாளிகள் கையில் இருக்கிறது. விரியன் இனம் அசையாமல் காத்திருந்து வேட்டையாடுவது, உடம்புக்கு எரிபொருள் குறைவாகப் போதும். மாதக்கணக்கில் பட்டினி தாங்கும். அதனால்தான் வண்டி ஓடுகிறது. ஆனாலும் இருபத்தொன்றரை லட்சம் பாம்புக்கு இது எப்படிப் போதும்? ஆளுக்கு வருஷத்துக்கு ஐந்தே ஐந்து குருவி என்று வைத்தாலும் ஒரு கோடிக்கு மேல் வேண்டும், கிண்டிப் பூங்காவில் ஆறில் ஒரு பங்கு இடத்தில். என் மகள் ஒரு நிமிடத்தில் பிடித்த ஓட்டை இது.

பக்கத்துத் தீவு

இதே கடற்கரையில் அல்கட்ராசஸ் என்று இன்னொரு தீவுக்கூட்டம் இருக்கிறது. அங்கேயும் அதே கடலேற்றம், அதே ஜராராக்கா குலம், அங்கேயும் எலி இல்லை. ஆனால் அங்கிருக்கும் பாம்பு பறவைப் பக்கம் போகவில்லை. குட்டிப்பருவச் சாப்பாடான பூரானோடேயே வாழ்நாள் முழுக்க நின்றுவிட்டது. சின்ன இரை, அதனால் உடம்பும் சின்னது. பெரிய கண்ணோடு, வளர்ந்த பிறகும் குட்டி மாதிரியே இருக்கும். 2002ல்தான் அதைத் தனி இனமாகப் பெயரிட்டார்கள்.

ஒரே கேள்விக்கு இரண்டு தீவுகள் இரண்டு விடை எழுதியிருக்கின்றன. ஒன்று மரமேறிப் பறவை பிடித்தது, இன்னொன்று வளராமலே இருந்துவிட்டது. பாம்புத் தீவு என்றாலே பயங்காட்டும் வீடியோக்களில் இந்த விஷயத்தை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அல்கட்ராசஸில் மனிதன் என்ன செய்தான் என்றும் சொல்லிவிடுகிறேன். பிரேசில் கடற்படை பல ஆண்டுகள் அந்தத் தீவைப் பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காக வைத்திருந்தது. 2016ல்தான் அங்கே வனவிலங்குப் புகலிடம் அறிவிக்கப்பட்டது.

எரிந்த தீவு

கெய்மாடா என்றால் போர்த்துகீசிய மொழியில் எரிக்கப்பட்டது என்று பொருள். கிராண்டி என்றால் பெரியது. பக்கத்தில் சின்ன கெய்மாடாவும் ஒன்று இருக்கிறது. பெயரிலேயே தீ. மார்ட்டிம் அஃபோன்சோ டி சூசாவின் போர்த்துகீசியப் படை 1532 வாக்கில் இந்தப் பக்கம் வந்ததிலிருந்து தீவு ஏட்டில் இருக்கிறது. பாம்பை விரட்டவும் நிலத்தைத் திருத்தவும் மனிதர்கள் அங்கே காட்டுக்குத் தீ வைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். இன்று காடு 25 ஹெக்டேருக்குச் சுருங்கி, மீதி புல்லாகக் கிடப்பதில் அந்தத் தீக்கும் பங்கு உண்டு.

1909ல் அங்கே கலங்கரை விளக்கம் கட்டினார்கள். விளக்கைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் தங்கினார்கள். 1920களில் விளக்கைத் தானியங்கியாக மாற்றிவிட்டு ஆட்களைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். இதற்கு நடுவில்தான் புகழ்பெற்ற அந்தக் கதை வருகிறது: ஒரு ராத்திரி ஜன்னல் வழியாகப் பாம்புகள் நுழைந்தன, விளக்குக் காவலரும் மனைவி மக்களும் படகை நோக்கி ஓடினார்கள், கிளைகளில் தொங்கிய பாம்புகள் எல்லோரையும் தீர்த்துக்கட்டின. சினிமாவுக்கு நல்ல கிளைமாக்ஸ். நிஜத்தில், இந்த இனம் மனிதரைக் கடித்ததாக அதிகாரபூர்வமான பதிவு ஒன்றுகூடக் கிடையாது. ஆளில்லாத தீவில் யாரைக் கடிக்கும்?

இதனால் ஆபத்தில்லை என்று அர்த்தமில்லை. ஜராராக்கா குலத்து விஷம் சதையை அழுகச் செய்யும், ரத்தம் உறைவதைக் குலைக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். கடித்தால் 33 கிலோமீட்டர் கடல் தாண்டித்தான் ஆஸ்பத்திரி. இன்றும் கடற்படை அனுமதி இல்லாமல் யாரும் இறங்க முடியாது. விளக்கைப் பராமரிக்க வரும் கடற்படையினரும் ஆய்வாளர்களும்தான் விதிவிலக்கு.

இன்னொரு தகவல், ஏனோ யாரும் சொல்வதில்லை: அதே தீவில் இரண்டாவதாக ஒரு பாம்பும் இருக்கிறது. விஷமில்லாதது, நத்தை தின்னும் சாது. அதை வைத்து யாரும் வீடியோ எடுப்பதில்லை.

பெயர் வைத்தவர்

தீவுப் பாம்பைத் தனி இனமாக 1921ல் விவரித்தவர் அஃப்ரானியோ டோ அமரால். சாவோ பாவ்லோவில் இருக்கும் புட்டான்டான் நிறுவனத்தின் பாம்பியலாளர், பிறகு அதன் இயக்குநர். புட்டான்டான் 1901ல் வைட்டால் பிரசில் என்ற மருத்துவரின் தலைமையில் தொடங்கியது. பாம்புக்கடிக்கு மருந்து தயாரிப்பதில் உலக முன்னோடிகளில் ஒன்று. நம்மூர்க் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

பின்னால் வந்த புட்டான்டான் ஆய்வாளர்கள் இன்னொரு விசித்திரத்தைக் கண்டார்கள். தீவின் பெண் பாம்புகளில் நிறைய, ஆண் உறுப்பின் சிறு வடிவத்தோடு இருந்தன. இந்த இடைப்பாலின நிலை, தலைமுறை தலைமுறையாகச் சின்னக் கூட்டத்துக்குள்ளேயே இணைசேர்ந்து வருவதோடு தொடர்புடையது என்று கருதுகிறவர்கள் உண்டு. வெளியிலிருந்து புது ரத்தம் வராத கூட்டம்.

எண்ணியவர்கள்

தீவில் 4 லட்சத்து 30 ஆயிரம் பாம்பு என்று ஒரு எண் ரொம்ப நாள் சுற்றியது. எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். சதுர மீட்டருக்கு ஒன்று, பெருக்கல் 43 ஹெக்டேர். அவ்வளவுதான் ஆய்வு.

உண்மையில் எண்ணுவது எப்படி? பாம்பு வரிசையில் வந்து நிற்காது. மார்சியோ மார்ட்டின்ஸ், ஒட்டாவியோ மார்க்கஸ் போன்ற ஆய்வாளர்கள் வருஷக்கணக்கில் தீவுக்குப் போய் வந்து, குறிப்பிட்ட நேரத்தில், குறிப்பிட்ட பரப்பில் எத்தனை கண்ணில் படுகிறது என்று கணக்கெடுத்தார்கள். பிறகு வந்த ஆய்வு அடையாளமிட்டு விடும் முறையைப் பயன்படுத்தியது. இது எளிமையான, அழகான கணக்கு. உதாரணத்துக்கு, 50 பாம்பு பிடித்து அடையாளம் வைத்து விடுகிறீர்கள். சில மாதம் கழித்து மறுபடி 50 பிடிக்கிறீர்கள். அதில் 5ல் அடையாளம் இருக்கிறது. பத்தில் ஒன்று நம்முடையது என்றால், மொத்தக் கூட்டம் சுமார் 500. நிஜத்தில் இறப்பு, பிறப்பு, ஒளிந்துகொள்ளும் பழக்கம் எல்லாவற்றுக்கும் திருத்தம் போட வேண்டும், ஆனால் அடிப்படை இதுதான்.

2008ல் வெளியான முதல் முறையான மதிப்பீடு சொன்னது: சுமார் 2,100. பொதுவாக ஆய்வாளர்கள் இன்று சொல்லும் வரம்பு 2,000 முதல் 4,000 வரை.

இப்போது கணக்கு. பாம்புகள் பெரும்பாலும் காட்டில்தான், அதாவது 2.5 லட்சம் சதுர மீட்டரில். 2,100ஆல் வகுத்தால் 119 சதுர மீட்டருக்கு ஒரு பாம்பு. சென்னைக் கணக்கில் ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, அதாவது 223 சதுர மீட்டர். கிரவுண்டுக்கு இரண்டு பாம்பு. 4,000 என்ற மேல்வரம்பை எடுத்தாலும் மூன்றரை. விஷப்பாம்புக்கு இதுவே மிக மிக அதிகமான நெருக்கம், யாரும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சதுர மீட்டருக்கு ஐந்து எங்கே, கிரவுண்டுக்கு இரண்டு எங்கே?

ஒரு சைபர் கூடினால் என்ன?

"சரிப்பா, எண் தப்பு. அதனால யாருக்கு என்ன நஷ்டம்?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

லட்சக்கணக்கில் நெளிகிறது என்று நம்புகிறவருக்கு, அது அழியப்போகிறது என்று சொன்னால் சிரிப்பு வரும். பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் இந்த இனம் மிக ஆபத்தான நிலை என்ற வகையில் இருக்கிறது. அதற்கு அடுத்த படி, காட்டில் அற்றுப்போதல். உலகத்தில் மொத்தமே 2,100 என்றால், ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் மாணவர் எண்ணிக்கை. ஒரு வறண்ட வருஷத்தில் ஒரே ஒரு காட்டுத்தீ போதும். வலசைக் குருவிகள் கிளம்பும் ஊரில் ஏதாவது ஆனாலும் போதும். போதாததற்குத் திருட்டு. உலகத்திலேயே ஆபத்தான பாம்பு என்ற புகழ் ஏற ஏற, கள்ளச்சந்தை விலையும் ஏறுகிறது. ஒரு பாம்புக்குப் பல ஆயிரம் டாலர் என்கிறார்கள். நான் எழுதிய மாதிரிப் பதிவுகளுக்கும் அந்தப் புகழில் பங்கு உண்டு என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

இன்னொரு நஷ்டம் எங்கள் வீட்டு மருந்து டப்பாவில் இருக்கிறது. அம்மாவுக்கு ரத்த அழுத்தம். தினமும் ராமிப்ரில் போடுகிறார். கேப்டோப்ரில், எனலாப்ரில் என்று 'ப்ரில்' என முடியும் மாத்திரைகள் எல்லாம் ஒரே குடும்பம். அதன் மூலம் பிரேசில் ஜராராக்காவின் விஷம். 1940களின் இறுதியில் மவுரிசியோ ரோச்சா இ சில்வா குழு, இந்த விஷத்தை வைத்துச் செய்த சோதனையில் பிராடிகைனின் என்ற பொருளைக் கண்டது. அவருடைய மாணவர் செர்ஜியோ ஃபெரேரா 1965ல், அதே விஷத்தில் பிராடிகைனினின் வேலையைக் கூட்டும் பொருள் இருப்பதைக் காட்டினார். அமெரிக்காவில் குஷ்மனும் ஒண்டெட்டியும் அதிலிருந்து வழி பிடித்து, வாயால் விழுங்கக்கூடிய கேப்டோப்ரிலைச் செய்தார்கள். 1981ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

கவனிக்க, இது கரை ஜராராக்கா, தீவுப் பாம்பில்லை. வீடியோக்களில் இதையும் குழப்புகிறார்கள். ஆனால் தீவுப் பாம்பின் விஷம் அதே நூலின் 11,000 ஆண்டு தனியாகத் திருத்தப்பட்ட பதிப்பு. அல்கட்ராசஸ் பாம்பின் விஷம் இன்னொரு பதிப்பு. படித்து முடிக்காத புத்தகங்கள். பேக்கப்பும் கிடையாது.

பேக்கப் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2010 மே மாதம் புட்டான்டானின் மாதிரிக் கிடங்கில் தீப்பிடித்தது. நூறாண்டாகச் சேர்த்த சுமார் 80,000 பாம்பு மாதிரிகள் ஸ்பிரிட் ஜாடிகளில் இருந்தன, உலகத்தின் மிகப் பெரிய பாம்புத் தொகுப்புகளில் ஒன்று. பெரும்பகுதி ஒரே காலையில் போய்விட்டது. ஜாடியில் இருப்பது பத்திரம் என்று யாரும் நினைக்க முடியாது.

பழைய பதிவைத் திருத்திவிட்டேன். கொள்ளையர் கதையை எடுத்துவிட்டு, எண்ணையும் மாற்றி, கீழே மன்னிப்புக் குறிப்பும் போட்டாயிற்று. மகளிடம் காட்டினேன். எங்கள் ஃபிளாட் கிட்டத்தட்ட 1,250 சதுர அடி.

"அப்ப நம்ம வீட்டுக்கு ஒரே ஒரு பாம்பு" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுவும் வருஷத்துல ரெண்டு சீசன்தான் நல்லா சாப்பிடும். பாவம்பா" என்றாள்.

அந்த 21 லட்சம் வீடியோ உங்கள் குடும்ப வாட்ஸாப்பிலும் ஒருநாள் வரும். அனுப்பிய மாமாவிடம் சண்டை வேண்டாம். என்ன சாப்பிடும் என்று மட்டும் கேளுங்கள்.